கம்ப்ரஷன் சரி, ஆயில் மட்டும் காணோம்: சத்துவாச்சாரி ஹேட்ச்பேக் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பெட்ரோல் கார் ஒன்று ஆயில் குடிக்கிறது என்று வேலூரில் எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோனாலும் முதலில் காதில் விழுவது, "போர் வேலை சார், எஞ்சினை இறக்கணும்." போர் என்பது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உள்துளை; அதைக் கடைந்து சீராக்குவதே போர் வேலை. கையைக் கடிக்கும் என்று வண்டிக்காரர் தயங்கினால் அடுத்தது, "அப்போ கெட்டி ஆயிலா ஊத்தி ஓட்டுங்க." இரண்டுமே அளந்து பார்த்துச் சொன்னவை அல்ல. எவ்வளவு ஆயில், எத்தனை கிலோமீட்டருக்கு, எந்த வழியாகப் போகிறது என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் ஸ்பானரைத் தொட்டால், நல்ல போரை லேத்துக்கு அனுப்பிவிட்டுப் பழைய குறையோடே வண்டியைத் திரும்ப வாங்க நேரும்.

இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் வண்டி ஒரு வகைமாதிரி. இதே குறையோடு வருகிற வண்டிகளின் பொதுவான குணங்களை ஒரே வண்டியில் திரட்டி, அளவுகளையும் அந்த வகை எஞ்சினில் எதிர்பார்க்கத்தக்கபடி வைத்திருக்கிறோம். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத பிஎஸ்-4 பெட்ரோல் எஞ்சின். பத்து வயது, 92,000 கி.மீ. முதல் ஆறு வருடம் பெங்களூரு, சென்னை என்று நெடுஞ்சாலையில் ஓடியது. கடைசி நான்கு வருடம் சத்துவாச்சாரியிலிருந்து சிஎம்சி பக்கம் வேலைக்குப் போக 5 கி.மீ., வர 5 கி.மீ. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சென்னை. வருடத்துக்குக் கூட்டினால் 5,000 கி.மீ. தேறும். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், கடைசியில் குற்றவாளி இதற்குள்தான் அகப்படுகிறான்.

விளக்கு எரிந்தபோது

கிரீன் சர்க்கிளில் திரும்பும்போது சிவப்பு ஆயில் விளக்கு ஒரு நொடி மின்னி அணைந்தது. நேராக வந்ததும் ஒன்றுமில்லை. மறுநாள் அதே திருப்பத்தில் மறுபடியும்.

பலரும் இதை "ஆயில் குறைஞ்சா எரியிற லைட்" என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் அது ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, ஆயிலின் அழுத்தத்தைக் காட்டுகிறது. திருப்பத்தில் எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் மிச்சமிருக்கும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப்பின் உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கிறது. அந்த நொடியில் பேரிங்குகளுக்கு ஆயில் போகவில்லை. அது ஒருமுறை மின்னினாலும் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டியவர்களின் கிராங்க் பேரிங்தான் பிறகு "டொக் டொக்" என்று தட்டும்.

ஆயில் அளவு காட்டும் கம்பியான கேஜை இழுத்துப் பார்த்தால் நுனியில்கூட ஈரமில்லை. மேல் கோடு வரை கொண்டுவர 1.7 லிட்டர் பிடித்தது. இந்த எஞ்சினின் மொத்தக் கொள்ளளவே 3 லிட்டருக்குச் சற்றுக் கூடுதல்தான். கடைசியாகக் கேஜைப் பார்த்தது எப்போது என்றால், ஏழு மாதத்துக்கு முன் ஆயில் மாற்றியபோது. அப்போது ஊற்றியது கெட்டியான 20டபிள்யூ-50. கையேடு சொல்வது 5டபிள்யூ-30.

முதலில் அளவு

குறைந்தது எவ்வளவு என்று தெரிந்தாலும், எவ்வளவு வேகத்தில் குறைகிறது என்று இன்னும் தெரியாது. அதை அளக்க, கையேட்டில் உள்ள தரத்தில் புது ஆயில், புது ஃபில்டர் போட்டு ஆரம்பிக்க வேண்டும். பழைய ஆயிலில் டாப் அப் செய்து அளந்தால் கணக்கு ஒன்றுக்கும் உதவாது.

அளக்கும் முறை எளிது, ஒழுங்குதான் முக்கியம். எப்போதும் அதே சமதளத் தரை. எஞ்சின் சூடேறிய பிறகு அணைத்து 10 நிமிடம் காத்திருந்து, கேஜைத் துடைத்து, முழுக்கச் செருகி எடுத்து, இருமுறை பார்க்க வேண்டும். மேல் கோட்டில் நிறுத்தி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குறைந்ததை ஈடுகட்ட ஊற்றும் ஆயிலை அளங்கள். அளவுக் குடுவை இல்லையென்றால் சமையலறைத் தராசு போதும்: எஞ்சின் ஆயில் லிட்டருக்குச் சுமார் 850 கிராம் எடை. கேனை ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டால் முடிந்தது.

இந்த வண்டியில் 800 கி.மீ. அளந்தோம். ஊருக்குள் 520 கி.மீ. ஓடி முடித்தபோது குறைந்தது வெறும் 110 மி.லி. "பரவாயில்லையே" என்று தோன்றும். அதன்பின் சென்னைக்குப் போய்த் திரும்பிய 280 கி.மீ.யில் 390 மி.லி. காணோம். மொத்தம் 500 மி.லி., அதாவது ஆயிரம் கிலோமீட்டருக்கு 625 மி.லி.

ஊருக்குள் குடிக்காத ஆயிலை நெடுஞ்சாலையில் மட்டும் குடிக்கிறதா? அதிக சுற்றில் ஓடும்போது செலவு கூடுவது உண்மைதான். அதோடு இன்னொன்றும் சேர்கிறது. 5 கி.மீ. ஓட்டத்தில் கூலன்ட் சூடாகிவிடும், ஆயில் சூடாகாது. ஆயில் முழுச் சூட்டுக்கு வரக் கால் மணி நேரமாவது ஓட வேண்டும். அதுவரை சிலிண்டர் சுவரில் ஒட்டும் எரியாத பெட்ரோல், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கிச் சம்ப்பில் கலக்கிறது. ஆயில் குறைந்த இடத்தை பெட்ரோல் நிரப்பிவிடுவதால் கேஜ் பொய் சொல்கிறது. நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் சூடேறியதும் பெட்ரோல் ஆவியாகிப் போய்விட, உண்மை அளவு தெரியவருகிறது. ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டியின் கேஜைப் பார்த்துவிட்டு நம்பி சென்னைக்குக் கிளம்புகிறவர்களுக்கு வழியில் விளக்கு எரிவதன் ரகசியம் இதுதான். கேஜை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் அளவை நம்பாதீர்கள்.

625 மி.லி. என்பது அதிகமா? சில தயாரிப்பாளர்களின் கையேட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரை 'இயல்பு' என்றே அச்சிட்டிருப்பார்கள். அது வாரண்டிக் கோரிக்கையைத் திருப்பி அனுப்ப உதவும் எண்ணே தவிர, எஞ்சின் நலமாக இருப்பதற்குச் சான்று இல்லை. நல்ல நிலையில் உள்ள இந்த வகை எஞ்சின் 5,000 கி.மீ.க்குக் கேஜில் கால்வாசி இறங்கினாலே அதிகம்.

ஒழுகுகிறதா, எரிகிறதா

ஒழுகலை முதலில் தள்ளிவிட வேண்டும். எஞ்சினை டீகிரீசர் போட்டுக் கழுவி, உலர்த்தி, இரவு அடியில் அட்டை விரித்து நிறுத்தினார்கள். பார்க்க வேண்டிய இடங்கள்: எஞ்சினின் உச்சி மூடியான டேப்பட் கவரின் கேஸ்கெட், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஃபில்டர் உட்காரும் முகம், சம்ப் போல்ட் வாஷர், கிராங்க்கின் முன் சீல், கியர்பாக்ஸ் சேருமிடத்தில் பின் சீல். சந்தேகமான இடத்தில் முகப் பவுடர் தூவி 20 கி.மீ. ஓட்டினால் கசிவு கோடு போட்டுக் காட்டும். இந்த வண்டியில் டேப்பட் கவரின் பின் மூலையில் வியர்வை போல லேசான கசிவு. சொட்டவில்லை. 500 மி.லி.க்கு அது கணக்குச் சொல்லாது.

அப்படியானால் எரிகிறது. ஆனால் புகை? "ஆயில் எரிஞ்சா நீலப் புகை தள்ளணுமே, நம்ம வண்டியில இல்லையே" என்பது பலருக்கும் ஆறுதல். கார்புரேட்டர் காலத்துக்கு அது சரி. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் கொஞ்சமாக வரும் ஆயில் ஆவியைக் கன்வெர்ட்டரே எரித்துவிடும். கண்ணுக்குப் புகை தெரியாது. அதற்குக் கன்வெர்ட்டர் தன் ஆயுளைக் கொடுக்கிறது. ஆயிலில் தேய்மானத் தடுப்புக்காகச் சேர்க்கும் துத்தநாகமும் பாஸ்பரசும் சாம்பலாகி அதன் உள்பூச்சின் மேல் படிந்து அதைக் குருடாக்குகின்றன. ஒருநாள் எஞ்சின் விளக்கு எரிந்து, கன்வெர்ட்டர் வலுவிழந்ததைச் சொல்லும் பி0420 என்ற பிழைக் குறியீட்டைக் காட்டும். அப்போது கன்வெர்ட்டரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிக்கு வரும்.

புகை தெரியும் வண்டிகளில் அது எப்போது வருகிறது என்பதே பாதி வைத்தியம். இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு கொத்து நீலப் புகை விட்டு நின்றுபோனால், வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் தளர்ந்து இரவில் ஆயில் சொட்டியிருக்கிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு இறங்கி, கீழே வந்து மிதித்ததும் புகைந்தால் வால்வு சீல், கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழல்) பக்கம் சந்தேகம் வலுக்கும். த்ராட்டில் மூடியிருக்க எஞ்சின் சுற்றும்போது காற்று உள்ளே வரும் மேனிஃபோல்டில் வெற்றிடம் மிக அதிகம், அது கைடு வழியாக ஆயிலை உறிஞ்சும். ரிங் மிக மோசமாக இருந்தால் அதன் வழியாகவும் மேலே இழுக்கும். நம் பக்கத்தில் இந்தச் சோதனைக்கு ஏலகிரியைவிட நல்ல இடம் இல்லை. புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள்; இரண்டாவது கியரில் இறங்கி, அடிவாரத்தில் நேர்ச்சாலை வந்ததும் மிதிக்க, பின்னால் வரும் வண்டியில் இருப்பவர் பார்த்துச் சொல்லட்டும். மிதிக்க மிதிக்கத் தொடர்ந்து புகைந்தால் ரிங்.

இந்த வண்டி காலையில் புகையவில்லை. ஏலகிரி இறக்கத்துக்குப் பின் இருந்தும் இல்லாததுமாக. இருட்டில், பின்னால் வந்த வண்டியின் ஹெட்லைட் வெளிச்சத்தில், மூன்றாவது கியரில் அழுத்தும்போது மெல்லிய நீலப் படலம் தெரிந்தது. சந்தேகம் ரிங் பக்கம் சாய்கிறது, ஆனால் இன்னும் தீர்ப்பு இல்லை.

பிளக் சொன்னது

நான்கு பிளக்குகளையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு பலகையில் அடுக்கிவைக்க வேண்டும். குலைந்துபோனால் சாட்சி போயிற்று. 1, 4 வெளிர்பழுப்பு, சரி. 2 சற்றே கருப்பு. 3-இன் முனையில் ஈரமான கருப்புப் படிவம், மேலே மொறுமொறுவென்று சாம்பல் கட்டி.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். பிளக்கின் மேல்பகுதியில், பீங்கானில், இக்னிஷன் காயிலின் ரப்பரில் ஆயில் இருந்தால் அது டேப்பட் கவரின் பிளக் குழி சீல் கசிந்து குழிக்குள் தேங்கிய ஆயில். அது எரியும் ஆயில் அல்ல. மிஸ்ஃபயர் (சிலிண்டர் எரியாமல் அடி தவறுவது) தரலாம், ஆனால் சிலிண்டருக்குள் போகவில்லை. முனையில் இருப்பதுதான் நமக்குச் செய்தி.

அடுத்து பிசிவி வால்வு. ரிங்குகளைத் தாண்டிச் சம்ப்புக்கு வரும் வாயுவை மறுபடி இன்டேக்குக்கு அனுப்பும் சின்ன வால்வு இது. அடைத்துக்கொண்டால் சம்ப்பில் அழுத்தம் ஏறி ஆயிலை ரிங் வழியாகவும் சீல் வழியாகவும் தள்ளும். திறந்தபடி மாட்டிக்கொண்டால் ஆயில் ஆவியை இன்டேக் அப்படியே குடிக்கும். ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்து அதன் வாயில் ஒரு தாளை வைத்தால் மெல்ல உள்ளே இழுக்க வேண்டும். தள்ளி எறிந்தால் பட்டறை மொழியில் 'பேக் கம்ப்ரஷன்'. வால்வைக் கழற்றி ஆட்டினால் 'கிளிக்' சத்தம் வர வேண்டும். சில எஞ்சின்களில் இது டேப்பட் கவரோடு சேர்ந்த ரப்பர் டயாஃப்ரமாக இருக்கும். அது கிழிந்தால் விசில் சத்தம் வரும், ஆயில் மூடி எளிதில் திறக்காமல் பிடித்துக்கொள்ளும்.

நம் வண்டியில் வால்வு பிசின் பிடித்துப் பாதி மாட்டியிருந்தது. புதிது போட்டு, ஹோஸையும் மாற்றி, ஊரும் நெடுஞ்சாலையுமாக அதே கலவையில் இன்னொரு 800 கி.மீ. அளந்ததில் 430 மி.லி. குறைந்தது, ஆயிரத்துக்கு 540 என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் உதவியது, முழு விடை அல்ல. ஆனாலும் எஞ்சினைத் திறப்பதற்கு முன் இந்த மலிவான பாகத்தை மாற்றாமல் விடுவது தவறு. திறந்து ரிங் போட்டு, அடைத்த பிசிவியோடே மூடிக் கொடுத்தால் புது ரிங்கும் ஆயில் குடிக்கும்.

கம்ப்ரஷன் ஏன் ஏமாற்றியது

அடுத்து கம்ப்ரஷன் சோதனை, அதாவது பிஸ்டன் அமுக்கும்போது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளப்பது. எஞ்சின் சூடாக இருக்க, நான்கு பிளக்கும் வெளியே, எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸ் கழற்றி, இக்னிஷன் காயில் இணைப்புகளைப் பிரித்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, நல்ல பேட்டரியோடு ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆறு அடி சுற்றவிட வேண்டும். வரிசையாக 180, 178, 172, 182 பிஎஸ்ஐ வந்தது. பிறகு ஒவ்வொன்றிலும் 5 மி.லி. ஆயில் விட்டு மறுபடி: 190, 187, 184, 190. ரிங் தேய்ந்திருந்தால் உலர்ந்த அளவுக்கும் நனைந்த அளவுக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்கும்; இங்கே இல்லை. சிலிண்டர்களுக்குள்ளேயும் பத்து சதவீதத்துக்குக் குறைவான வேறுபாடுதான். பல பட்டறைகளில் இதோடு "ரிங் நல்லா இருக்கு, வால்வு சீல்தான்" என்று வால்வுகள் உள்ள மேல்பகுதியான ஹெட்டை இறக்கிவிடுவார்கள்.

தவறு இங்கேதான் நடக்கிறது. பிஸ்டனில் மூன்று ரிங். மேல் இரண்டும் வாயுவை அடைத்து நிறுத்துபவை. கம்ப்ரஷன் கேஜ் பேசுவது முக்கியமாக அவற்றைப் பற்றி. மூன்றாவதான ஆயில் ரிங் இரண்டு மெல்லிய தகட்டு வளையங்களும் நடுவில் அலை அலையான ஒரு விரிப்பானும் கொண்டது. பிஸ்டன் இறங்கும்போது சுவரிலுள்ள உபரி ஆயிலை வழித்து, தான் உட்காரும் பள்ளமான காடியின் பின்னால் உள்ள துளைகள் வழியாகச் சம்ப்புக்கு அனுப்புவது அதன் வேலை. அந்தத் துளைகளில் கரி அடைத்து, தகடுகள் காடியில் ஒட்டிக்கொண்டால் வழிக்கும் வேலை நின்றுபோகும். கம்ப்ரஷன் அப்போதும் குறையாது. சொல்லப்போனால் சுவரில் தங்கும் உபரி ஆயில் மேல் ரிங்குகளுக்கு அடைப்பாகி எண்ணைக் கொஞ்சம் கூட்டியே காட்டும். ஆகவே கம்ப்ரஷன் நன்றாக இருப்பது ஆயில் ரிங்கை விடுதலை செய்வதில்லை.

லீக்டவுன் சோதனையும் செய்தார்கள். அந்தந்தச் சிலிண்டரின் பிஸ்டனை மேல் உச்சியில், இரண்டு வால்வும் மூடிய நிலையில் வைத்து 100 பிஎஸ்ஐ காற்று கொடுத்ததில் 8, 9, 12, 8 சதவீதம் கசிவு. 20 தாண்டினால்தான் கவலை. மூன்றாவதில் காற்று ஆயில் மூடி வழியாக லேசாக இரைந்தது. த்ராட்டில் பக்கமோ சைலன்சர் பக்கமோ சத்தமில்லை, ரேடியேட்டரில் குமிழி இல்லை. வால்வுகளும் ஹெட் கேஸ்கெட்டும் தப்பித்தன.

வழக்கை முடித்தது பிளக் துளை வழியாக விட்ட போர்ஸ்கோப் கேமரா. மூன்றாவது பிஸ்டனின் தலையில் நடுவில் கரி, ஓரம் சுற்றிலும் கழுவிவிட்டதுபோல் பளபளப்பு. ரிங்கைத் தாண்டி மேலேறும் ஆயில் ஓரத்தைக் கழுவும், அது அதன் கையெழுத்து. சிலிண்டர் சுவரில் தயாரிப்பின்போது தேய்ப்புக்கல்லால் போட்ட குறுக்கு ஹோனிங் கோடுகள் இன்னும் தெளிவாக இருந்தன. மேலிருந்து கீழாகக் கீறல் ஒன்றுகூட இல்லை. போர் தேயவில்லை. போர் வேலை என்று சொல்லியிருந்தால் நல்ல சிலிண்டரைக் கடைந்திருப்பார்கள்.

ஏன் ஒட்டியது

கையேட்டில் "10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முன்னோ அது" என்று இருக்கிறது. வண்டிக்காரர் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார். வருடத்துக்கு 5,000 ஓடும் வண்டிக்கு அது இரண்டு வருடம். ஏழு மாதத்துக்கு முன் ஆயில் மாற்றியதும் அப்படி இரண்டு வருடக் கெடு முடிந்துதான். அந்த இரண்டு வருடமும் குறுகிய ஓட்டம், காட்பாடி ரோட்டு நெரிசலில் ஏசி போட்டு ஐட்லிங், பெட்ரோலும் தண்ணீரும் கலந்த ஆயில். ஆயிலில் உள்ள சுத்திகரிப்புச் சேர்மானம் தீர்ந்துபோனபின் பிசினும் கரியும் எங்கே படியும்? ஆயில் மெதுவாக நகரும், சூடும் அதிகமுள்ள ரிங் காடியில்தான். அடுத்து ஊற்றிய 20டபிள்யூ-50 கதையை இன்னும் கெடுத்தது.

"வேலூர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான்" என்ற வாதம் கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் வெளியே 42 டிகிரி இருந்தாலும் 25 டிகிரி இருந்தாலும் தெர்மோஸ்டாட்டும் ஃபேனும் எஞ்சினை ஏறத்தாழ ஒரே சூட்டில் வைத்திருக்கின்றன. ஆயில் தரத்தின் பின் எண் 100 டிகிரியில் அதன் கெட்டித்தன்மையைக் குறிக்கிறது: 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. 50-க்குப் போனால் அடைபட்ட சின்னத் துளைகளில் ஆயில் இன்னும் மெதுவாகத்தான் வடியும். வால்வு டைமிங் மாற்றும் நுண்வழிகள் உள்ள எஞ்சினில் வேறு தொல்லைகளும் வரும். முதல் சில வாரம் செலவு குறைந்ததுபோல் தோன்றும், அது மறைப்பு. கையேடு அனுமதித்தால் 5டபிள்யூ-40 வரை ஒரு படி ஏறலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஆயில் வாங்கும்போது தரவிவரத் தாளில் 'நோவாக்' எண்ணைப் பாருங்கள். 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்ற அளவு அது. ஏபிஐ எஸ்பி தரத்துக்கு உச்சவரம்பு 15. பத்துக்குக் கீழே உள்ள ஆயில், பிசிவி வழியாக ஆவியாகப் போவதைக் குறைக்கும்.

எல்லாப் பழியையும் ஓட்டுகிறவர் மேல் போடவும் முடியாது. டொயோட்டாவின் 2ஏஇசட்-எஃப்இ என்ற 2.4 லிட்டர் எஞ்சின் இதற்குப் பேர்போனது. 2007 முதல் 2011 வரையிலான கேம்ரி உள்ளிட்ட வண்டிகளில் ஆயில் செலவுப் புகார்கள் குவிந்தன. அமெரிக்காவில் 1,200 மைலுக்கு ஒரு குவார்ட், அதாவது ஆயிரம் கிலோமீட்டருக்குச் சுமார் அரை லிட்டர், என்பதைத் தாண்டிய வண்டிகளுக்கு வாரண்டியை நீட்டித்து, திருத்திய வடிவமைப்பில் பிஸ்டனும் ரிங்கும் மாற்றிக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட எஞ்சினில் ரிங்கை மட்டும் மாற்றுவது வீண்.

ஊறவைத்தல்

சுவர் நன்றாக இருப்பதால் முதலில் ஊறவைத்துப் பார்ப்பது என்று முடிவானது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்கை மேல் உச்சியிலிருந்து 90 டிகிரி திருப்பினால் நான்கு பிஸ்டனும் ஒரே உயரத்தில், நடுவாக்கில் நிற்கும். ஒவ்வொன்றிலும் பிஸ்டன் கரி கரைக்கும் திரவம் 40 மி.லி. விட்டு, பிளக்கை விரலால் மட்டும் மாட்டி, இரவு முழுக்க வைத்தார்கள். இரண்டு மணிக்கொருதரம் கிராங்க் போல்ட்டை ஸ்பானரால் சற்றே முன்னும் பின்னும் அசைத்தால் திரவம் காடிக்குள் இறங்கும். மூன்றாவதில் காலையில் பாதித் திரவம் அப்படியே நின்றது. அதை உறிஞ்சிவிட்டு இரண்டாம் முறை விட்டார்கள்.

ஆபத்து இதற்குப் பிறகுதான். மிச்சத் திரவத்தைச் சிரிஞ்சும் குழாயும் கொண்டு முழுக்க உறிஞ்ச வேண்டும். பிறகு பிளக்குகள் வெளியே இருக்க, இக்னிஷனும் எரிபொருள் பம்ப்பும் துண்டித்து, துளைகளின் மேல் துணி போட்டுச் சில நொடி சுற்றவிட வேண்டும். திரவம் இருக்கும்போது பிளக்கை முறுக்கி ஸ்டார்ட் செய்தால், திரவம் அமுங்காததால் கனெக்டிங் ராடு வளையும். பீறிட்டு வருவது தீப்பிடிக்கும், கண்ணில் படும். குனிந்து பார்க்கக் கூடாது. சம்ப்புக்கு இறங்கிய கரைப்பான் ஆயிலை நீர்க்கச் செய்துவிடும், ஆகவே ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயிலும் ஃபில்டரும் மாற்றியாக வேண்டும். முதல் 10, 15 கி.மீ. புகைமூட்டம்தான், வீதியில் வேண்டாம், பைபாஸில் வையுங்கள்.

இதற்குப் பதில் ஆயிலோடு ஊற்றும் ஃபிளஷ் பாட்டிலை எடுத்துக்கொள்ளலாமா? டேப்பட் கவரைத் திறந்து பார்த்துக் கறுப்புக் களி இல்லை என்றால் மட்டும். களி திரண்ட எஞ்சினில் ஃபிளஷ் ஊற்றினால் அது பெயர்ந்து போய்ப் பம்ப்பின் சல்லடையை அடைக்கும், ரிங் குறை பேரிங் சாவாக மாறும்.

ஊறவைத்த பின் முதல் 800 கி.மீ.யில் 300 மி.லி. 3,000 கி.மீ.யில் மறுபடி ஆயில் மாற்றி, அடுத்த 800-இல் 230. ஆயிரத்துக்கு 625 என்று ஆரம்பித்தது 290-க்கு வந்து நின்றது. முழுக்கத் தீரவில்லை, மூன்றாவது பிஸ்டனின் துளைகளில் சில இன்னும் அடைபட்டிருக்கும். வருடத்துக்கு 5,000 கி.மீ. ஓடும் வண்டிக்கு அது ஒன்றரை லிட்டருக்கும் குறைவான டாப் அப். அதற்காக எஞ்சினை இறக்குவது நியாயமில்லை என்பதே எங்கள் கணிப்பு. தினமும் 100 கி.மீ. ஓடும் டாக்சியாக இருந்தால் கணிப்பு மாறும்.

இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால்

மறுபடி 500-ஐத் தாண்டினாலோ, மூன்றாவது பிளக் அடிக்கடி நனைந்து மிஸ்ஃபயர் ஆனாலோ இறக்கலாம். அப்போது லேத்துக்கு அனுப்புமுன் போர் கேஜால் ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று மட்டத்தில் இரண்டு திசையில், ஆக ஆறு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். கையேட்டு வரம்புக்குள் இருந்தால் கடைசல் தேவையில்லை. பளபளப்பை உடைக்கும் லேசான ஹோனிங்கும் புது ரிங் செட்டும் போதும். புது ரிங்கைச் சிலிண்டரில் நேராக இறக்கி மெல்லிய அளவுத் தகடான ஃபீலர் கேஜால் அதன் வாய் (இரு முனைகளுக்கு நடுவே உள்ள) இடைவெளியைப் பார்க்க வேண்டும்: போர் விட்டத்தில் மில்லிமீட்டருக்கு 0.004 என்பது பொது வழி, 73 மி.மீ. போருக்கு ஏறத்தாழ 0.29 மி.மீ. கையேட்டு எண் இருந்தால் அதுவே முடிவு. பிஸ்டனின் ஆயில் துளைகளைத் துளைக்கு ஏற்ற டிரில் பிட்டால் கையாலேயே சுற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், மெஷினில் மாட்டக் கூடாது. ரிங்கில் உள்ள புள்ளி மேல்நோக்கி. வாய்கள் ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி. ஆயில் ரிங் விரிப்பானின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டி நிற்க வேண்டும். ஏறியிருந்தால் முதல் நாளிலிருந்தே ஆயில் குடிக்கும்.

ஹோனிங் தூளை மண்ணெண்ணெயில் கழுவுவது இங்கே வழக்கம். அது தூளைக் கோடுகளுக்குள் அனுப்பிவிடும். சோப்பும் வெந்நீரும் பிரஷ்ஷும்தான் சரி. பிறகு ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைக்கத் துணி வெள்ளையாகவே வரும்வரை. ஹெட் வெளியே வந்துவிட்டதால் வால்வு சீல்களையும் மாற்றிவிடுங்கள், இன்னொரு தடவை திறக்க வேண்டியிருக்காது. ஓடத் தொடங்கியதும் முதல் 500 கி.மீ. வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். நெடுநேரம் ஐட்லிங் விட்டால் ரிங் பதியாது.

டர்போ டீசல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் மெல்லிய ஆயில் பூச்சு இயல்பு, தேங்கி நின்றால் குறை. டர்போவை மாற்றுமுன், சம்ப் வாயு வெளியேறும் பிரீதர் குழாயின் அடைப்பையும் டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாயையும் பாருங்கள். புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உள்ள வண்டியில் டீசல் கலந்து ஆயில் அளவு ஏறவும் செய்யும், ஏறினாலும் ஆபத்துதான்.

இனி இந்த வண்டிக்கு

ஆயில் ஆறு மாதம் அல்லது 5,000 கி.மீ., எது முன்னோ அது. மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. "மூன்றரை லிட்டர் கேன், மீதி எதுக்கு சார்" என்று முழுதையும் கவிழ்த்துவிடும் பழக்கம் உண்டு. மிகையான ஆயிலைக் கிராங்க் அடித்து நுரையாக்க, அது பிரீதர் வழியாக இன்டேக்குக்குப் போய் எரியும். வாரம் ஒருமுறை ஆற்காடு வரையாவது போய்த் திரும்பினால் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஆகும், ஆயிலில் சேர்ந்த பெட்ரோலும் தண்ணீரும் ஆவியாகும். ஏர் ஃபில்டரைக் கம்ப்ரஸர் காற்றில் ஊதி ஊதிப் பயன்படுத்தாமல் மாற்றுவது. காகிதத்தில் விழும் ஓட்டை வழியாகப் போகும் பாலாற்று மணல்தூசு, ரிங் ஒட்டலைப் போலன்றி, போரையே தின்றுவிடும். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் கூடாது. இந்தப் பக்கத்து உப்புத் தண்ணீர் உள்ளே பாறையாகப் படிந்து ஓவர்ஹீட் ஆக்கினால் ரிங் சூட்டில் வலுவிழக்கும். பிசிவி வால்வை 20,000 கி.மீ.க்கு ஒருமுறை கழற்றி ஆட்டிப் பார்ப்பது.

கேஜ் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. சென்னைக்குக் கிளம்பும் நாளிலும், திரும்பிய மறுநாள் காலையிலும் கட்டாயம். டிக்கியில் அதே தரத்தில் ஒரு லிட்டர் கேன், டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு. கேஜின் இரண்டு கோட்டுக்கும் இடையே இந்த எஞ்சினில் ஏறத்தாழ 1 லிட்டர். பாதிக்கு இறங்கினால் 400 மி.லி. ஊற்றி, பத்து நிமிடம் பொறுத்து மறுபடி பார்த்து, தேதியும் மீட்டரும் எழுதிவைப்பது.